ஓட்டப்பந்தயமும் பஞ்சாயத்தும்: நம்மூர் மரண விளையாட்டுப் படங்கள்

1987-ல் வந்த 'தி ரன்னிங் மேன்' ஒரு அறிவிப்போடு தொடங்கும். 2017-க்குள் உலகப் பொருளாதாரம் நொறுங்கிவிட்டது, டிவி அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. குற்றவாளிகளை ஓடவிட்டு வேட்டையாடும் ஒரு கேம் ஷோவை நாடே உட்கார்ந்து பார்க்கிறது. அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் உடம்போடு ஒட்டிய மஞ்சள் உடுப்பில் ஓடுவார். இன்றைக்குப் பார்த்தால் பாதி சிரிப்பு, பாதி ஆச்சரியம்.

நிஜமான 2017-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழில் அந்த வருஷம் ஜூன் 25 அன்று விஜய் டிவியில் பிக் பாஸ் தொடங்கியது. டிசம்பர் 15 அன்று அருண்பிரபு புருஷோத்தமன் இயக்கிய 'அருவி' தியேட்டருக்கு வந்தது. ஒன்று, ஆட்களை உள்ளே பூட்டிவைத்து நாடே பார்த்துத் தீர்ப்பு சொல்லும் நிகழ்ச்சி. இன்னொன்று, அந்த மாதிரித் தீர்ப்பு சொல்லும் ஒரு நிகழ்ச்சியின் அரங்குக்குள் ஒரு பெண் துப்பாக்கியை எடுக்கும் படம். வருஷம் பொருந்தியது வெறும் தற்செயல்தான், அதில் நான் ஜோசியம் எதுவும் பார்க்கவில்லை. ஆனால் இந்த வகைப் படங்களை நீங்கள் விரும்பிப் பார்ப்பவராக இருந்தால், தமிழில் ஏன் ஒரு 'ரன்னிங் மேன்' வரவில்லை என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பீர்கள். எனக்கு அதற்கு ஒரு பதில் இருக்கு. வந்தது. நாம்தான் அதை அந்த வகைன்னு அடையாளம் காணலை.

முதலில் வெளிநாட்டு வம்சாவளியைக் கொஞ்சம் சொல்லிடறேன். ராபர்ட் ஷெக்லி 1958-ல் 'தி பிரைஸ் ஆஃப் பெரில்' என்று ஒரு சிறுகதை எழுதினார். பரிசுப் பணத்துக்காக ஒருவன் கொலைகாரர்களிடம் இருந்து தப்பித்து ஓடுகிறான், மொத்தமும் டிவியில் வருகிறது. இதை வைத்து 1970-ல் மேற்கு ஜெர்மனியில் 'டாஸ் மில்லியோனன்ஷ்பீல்' என்ற தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். அதில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக நடித்தவர் டீட்டர் தோமஸ் ஹெக், அந்த ஊரில் நிஜமாகவே டிவி தொகுப்பாளராக எல்லோருக்கும் தெரிந்த முகம். நடுநடுவே பொய் விளம்பரங்கள் வேறு. விளைவு, ஒளிபரப்பானதும் சிலர் சேனலுக்கு போன் போட்டார்கள். சிலர் கோபப்பட்டார்கள். சிலர், அடுத்த ஆட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டார்கள். ஓடுகிறவனாகச் சேர ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள், கொல்கிறவனாகச் சேர ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். இந்த வகைப் படங்களைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினாலும் அந்த போன்கால்களுக்கு ஈடாகாது.

அதே கதையை 1983-ல் இவ் பாய்ஸே பிரெஞ்சில் எடுத்தார். நடுவில் 1982-ல் ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 'தி ரன்னிங் மேன்' நாவலை எழுதினார். அது ஐந்து வருஷம் கழித்துப் படமானபோது தொகுப்பாளர் கில்லியனாக நடித்தவர் ரிச்சர்ட் டாசன். 'ஃபேமிலி ஃப்யூட்' நிகழ்ச்சியை வருஷக்கணக்கில் நடத்தியவர். ஜெர்மனியில் செய்த அதே தந்திரம். வீட்டில் தினமும் பார்த்துச் சிரித்த முகம், அதே சிரிப்போடு ஆளைச் சாகடிக்க அனுப்புகிறது. பிறகு ஜப்பானின் 'பேட்டில் ராயல்', அமெரிக்காவின் 'சீரிஸ் 7', 'ஹங்கர் கேம்ஸ்', கொரியாவின் 'ஸ்குவிட் கேம்' என்று வரிசை நீள்கிறது. கிங் தன் நாவலை 2025-ல் நடப்பதாக எழுதியிருந்தார். அதே 2025-ல் எட்கர் ரைட் அதை மறுபடி படமாக எடுத்து வெளியிட்டார்.

இந்த வரிசை முழுக்க ஒரு பொது வடிவம் உண்டு. அது விளையாட்டு மைதானம். ரோமாபுரி அரங்கம், வேட்டை, ஓட்டம். ஓடு, தப்பு, அல்லது சாவு. பார்வையாளர் ரத்தத்துக்குக் கை தட்டுகிறவர். நையாண்டி அவர் மேல்தான். 'இதையா பார்க்கிறாய்?' என்று படம் அவரைக் கேட்கும், அவர் பாப்கார்னை மென்றுகொண்டே 'ஆமாம், ச்சே' என்பார்.

நம்மூரில் இந்த மைதானம் ஒட்டாது. காரணம் எளிது. நையாண்டி எதைக் கிண்டல் செய்கிறதோ அது முதலில் ஊரில் இருக்க வேண்டும். நம்ம ரியாலிட்டி டிவியின் அடிப்படை ஓட்டப்பந்தயம் இல்லை. பாட்டுப்போட்டி, டான்ஸ் போட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருக்கிறது பஞ்சாயத்து.

ஜீ தமிழில் 2011-ல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை'யை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதலில் நிர்மலா பெரியசாமி, பிறகு நீண்ட காலம் லட்சுமி ராமகிருஷ்ணன் நடத்தினார். கணவன் விட்டுட்டுப் போனவள், மகளைத் தேடி வந்த அம்மா, ரெண்டு கல்யாணம் பண்ணிக்கிட்டவர், அவரோட ரெண்டு மனைவி. நடுவில் ஒருவர். அவர் கேட்பார், அதட்டுவார், சமாதானம் செய்வார், யார் மேல் தப்பு என்று சொல்வார். லட்சுமி ராமகிருஷ்ணன் அங்கலாய்த்துச் சொன்ன ஒரு வாக்கியம் மிமிக்ரி மேடைக்குப் போய், 2016-ல் 'ரஜினி முருகன்' படத்தில் பாட்டாகவே ஆனது. தன்னைக் கேலி செய்ததை அவர் ரசிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். 2018-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. கோர்ட்டுக்கும் டிவி கோர்ட்டுக்கும் நடந்த எல்லைத் தகராறு அது.

நான் குடியிருப்பது அசோக் நகர். இந்தப் பக்கம் அசோக் நகர், கே.கே. நகர், வடபழனி, சாலிகிராமம் என்று எங்கே போனாலும் தெருவுக்கு ஒருத்தராவது சினிமாவிலோ டிவியிலோ வேலை பார்ப்பார். உதயம் தியேட்டர் இருந்தவரைக்கும் அதன் எதிரே டீக்கடையில் நின்றால் பாதிப் பேர் உதவி இயக்குநர்கள், மீதிப் பேர் உதவி இயக்குநர் ஆகப்போகிறவர்கள். எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் கொஞ்ச காலம் இருந்த ஒரு தம்பி, இந்த மாதிரி ஒரு குடும்பத் தகராறு நிகழ்ச்சியில் வேலை பார்த்தார். மேலே பேர் சொன்ன நிகழ்ச்சி இல்லை, வேறு சேனல். அவர் வேலைக்கு அவர்கள் வைத்த பேர் 'கேஸ் பிடிக்கிறது'. கோர்ட் வாசல், மகளிர் காவல் நிலைய வாசல், உள்ளூர்ப் பேப்பரில் வரும் நாலு வரிச் செய்தி, இப்படித் தேடிப் பிடிப்பார்கள். பஸ் செலவு கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ரெண்டு தரப்பையும் தனித்தனி அறையில் உட்கார வைப்பார்கள். "அவங்க ரெண்டு பேரும் முதல் தடவை மூஞ்சியப் பாத்துக்கிறது கேமரா முன்னாடிதாண்ணே இருக்கணும். அதுக்கு முன்னாடி பாத்துட்டா என் வேலை போச்சு" என்பார். அவர் கெட்டவர் இல்லை. மாசக் கடைசியில் என்னிடம் 500 ரூபாய் கைமாத்து வாங்குகிற ஆள்.

'அருவி'யின் நல்ல பகுதி இந்தத் தம்பியின் உலகத்தில்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் நிகழ்ச்சியின் பெயர் 'சொல்வதெல்லாம் சத்தியம்'. யாரைச் சொல்கிறார்கள் என்று யாருக்கும் சந்தேகம் வராது. லட்சுமி ராமகிருஷ்ணனே சமூக ஊடகத்தில் தன் அதிருப்தியைச் சொன்னார். தொகுப்பாளராக லட்சுமி கோபாலசாமி. நிகழ்ச்சியின் இயக்குநராகக் கவிதா பாரதி, நிஜத்தில் சின்னத்திரைத் தொடர்களை இயக்கியவர். ஹெக்கும் டாசனும் செய்ததன் சின்ன வடிவம் இது, நிஜமாக அந்தத் தொழிலில் இருந்தவரின் முகத்தை அந்தத் தொழிலின் கிண்டலுக்குள் வைப்பது. அருவியாக அதிதி பாலன். எச்.ஐ.வி. தொற்று வந்ததால் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பெண். தன்னைப் பயன்படுத்திக்கொண்ட மூன்று ஆண்களை அந்த நிகழ்ச்சியின் மேடைக்கு இழுக்கிறாள். அவளோடு எமிலி என்ற திருநங்கை, அஞ்சலி வரதன் நடித்தது.

மேடையில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்கணும். மூன்று பேர் மேல் புகார், விசாரணை நன்றாகத்தான் போகிறது. இவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த நொடியில் அது திசை திரும்புகிறது. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் மெல்ல இறங்குகிறார்கள், புகார் கொடுத்தவள் ஏறுகிறாள். யாரும் சதி செய்யவில்லை. வேட்டை நாய்கள் இல்லை, சங்கிலி ரம்பம் இல்லை. ஒரு கேள்வி மாறியது, அவ்வளவுதான். 'இவர்கள் உனக்கு என்ன செய்தார்கள்' என்பது 'நீ இவர்களுக்கு என்ன செய்தாய்' என்று ஆனது. எந்த மரண விளையாட்டுப் படத்திலும் இவ்வளவு சத்தமில்லாத ஒரு கொலையை நான் பார்த்ததில்லை. இங்கே கொல்லப்படுவது உடம்பு இல்லை. அந்த அரங்கிலிருந்து ஊருக்குப் பஸ் ஏறும்போது கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டிய முகம்.

அதற்குப் பிறகு துப்பாக்கி. விமர்சனங்கள் பலவும் இரண்டாம் பாதியைக் கறுப்பு நகைச்சுவை என்று சொல்லிவிட்டு நகர்ந்தன. ஆனால் அதன் வடிவத்தைப் பாருங்கள். கதவு பூட்டிய ஒரு அரங்கு. வெளியே போலீஸ். உள்ளே தொகுப்பாளர், இயக்குநர், லைட்மேன், டீ கொடுக்கிற பையன் எல்லோரும். அருவி அவர்களை வட்டமாக உட்கார வைத்து பாட்டிலைச் சுற்றி விளையாட வைக்கிறாள். யார் பக்கம் நிற்கிறதோ அவர் சொன்னதைச் செய்யணும். தோற்றால் சாவு என்று ஒரு மிரட்டல் தலைக்கு மேல் தொங்குகிறது. இதைவிட நேராக ஒரு மரண கேம் ஷோவை எப்படி எடுப்பது? நாமினேஷன் மட்டும்தான் இல்லை. இவ்வளவும் பிக் பாஸ் தமிழுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே 2016-ல் ஷாங்காய் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம்.

வேடிக்கை என்னவென்றால் இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்கள் மெல்ல மெல்ல மனுஷர்கள் ஆகிறார்கள். கத்திக்கொண்டே இருந்த இயக்குநர் அடங்குகிறார், மூலையில் இருந்த பையன் பேசுகிறான். அரங்கில் அதுவரை இருந்த படிநிலை கலைகிறது. பஞ்சாயத்தில் உயரமான திண்ணையில் ஒருவர், கீழே நின்றபடி மற்றவர்கள். பாட்டில் விளையாட்டில் எல்லோரும் தரையில். இதை இயக்குநர் யோசித்து வைத்தாரா, தற்செயலா என்பது தெரிய வேண்டியதே இல்லை, வேலை செய்கிறது. அருண்பிரபு, பாலு மகேந்திராவிடமும் கே.எஸ். ரவிக்குமாரிடமும் உதவி இயக்குநராக இருந்தவர் என்பது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். ரவிக்குமார்தானே 1994-ல் 'நாட்டாமை' எடுத்தவர்.

'நாட்டாமை'யைச் சும்மா இழுக்கவில்லை. அந்தப் படத்தின் முதல் தீர்ப்பு என்ன? கெடுத்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைப்பது. மறுத்தால் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது, 18 வருஷம். பேசக்கூடாது, தண்ணி கொடுக்கக்கூடாது. எவிக்‌ஷன் என்று பிக் பாஸ் சொல்கிறதே, அதற்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது, ஊர்விலக்கம். டச்சுக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு நிகழ்ச்சி இங்கே வந்ததும் இவ்வளவு சுலபமாக வேர் பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. வாரநாளில் குற்றம், சனி ஞாயிறு விசாரணை. நடுவில் நின்று விசாரித்தவர் கமல்ஹாசன், முதல் ஏழு சீசன். சாட்சிக்கு 'குறும்படம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். முதல் சீசனில் ஜூலி ஓவியாவைப் பற்றிச் சொன்னது பொய் என்று ஒரு குறும்படம் போட்டுக் காட்டினார்கள் இல்லையா, அன்று நாடு முழுக்க அடைந்த சந்தோஷம் இருக்கே, அது ஒரு பாட்டுப்போட்டியைப் பார்த்து வரும் சந்தோஷம் இல்லை. பொய் சொன்னவள் பிடிபட்டாள் என்ற சந்தோஷம். ஜூலி அதற்கு ஆறு மாதம் முன்பு மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோஷம் போட்டு வீரத்தமிழச்சி ஆனவர். அந்த ஆகஸ்டில், எல்லோருக்கும் பிடித்த ஓவியா மன உளைச்சலோடு வெளியேறினார். நிகழ்ச்சி நிற்கவில்லை, வேகமாகத்தான் போனது.

'ரன்னிங் மேன்' படத்திலும் ஒரு குறும்படம் உண்டு, தலைகீழாக. ஹெலிகாப்டரில் இருந்து பசித்த கூட்டத்தின் மேல் சுட மறுத்தவன் பென் ரிச்சர்ட்ஸ். அந்தக் காட்சியை வெட்டி ஒட்டி, அவன்தான் சுட்டான் என்று டிவி காட்டும். கடைசியில் வெட்டாத காட்சி ஒளிபரப்பாகும், கூட்டம் அவன் பக்கம் சாயும். கில்லியனை அதே ஓட்டப் பாதைக்குள் தள்ளிவிடுவார்கள், அதே கூட்டம் அதே உற்சாகத்தோடு கை தட்டும். படம் இதை வெற்றி என்று நினைக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது அந்த இடம்தான்.

பஞ்சாயத்து வடிவம் தமிழுக்கு மட்டும் உரியது என்று சொல்ல வரவில்லை. இந்தியில் 2013 ஜனவரியில் ஆதித்ய தத் இயக்கிய 'டேபிள் நம்பர் 21' வந்தது. நம் நாட்டில் இந்த வகைக்கு மிக அருகில் போன படம். ஒரு தம்பதி ஃபிஜிக்குப் போகிறார்கள். ஆன்லைனில் ஒளிபரப்பாகும் ஒரு கேம் ஷோ, பரிசு 21 கோடி, பொய் சொன்னால் சாவு. நடத்துகிறவர் பரேஷ் ராவல். கேள்வி, அதற்கு ஒரு டாஸ்க், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொடூரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நாம் அந்தத் தம்பதிக்காகப் பதறுகிறோம். அப்புறம் தெரிகிறது, கல்லூரியில் அவர்கள் செய்த ராகிங்கில் சிதைந்துபோன பையனின் அப்பாதான் இந்த ஆட்டத்தை நடத்துகிறவர். நம் பதற்றம் ஒரே வெட்டில் அவர் பக்கம் போய்விடுகிறது. தலைப்பில் இருக்கிற 21, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமை. அந்தப் பிரிவின் பேரைச் சொல்லி இரண்டு பேரைக் கடத்திச் சித்திரவதை செய்வதைப் படம் முரண்பாடாகவே பார்க்கவில்லை. அவர்கள் குற்றவாளிகள், முடிந்தது கதை.

2019-ல் ரத்னகுமாரின் 'ஆடை'யும் கிட்டத்தட்ட அதே ரூட்டுதான். பிராங்க் ஷோ நடத்தும் பெண், காலி செய்யப்பட்ட டிவி அலுவலகக் கட்டிடத்தில் உடையில்லாமல் கண் விழிக்கிறாள். அமலா பாலின் துணிச்சலைப் பற்றிப் பேசிப் பேசியே படத்தின் நல்ல கேள்வியை விட்டுவிட்டோம்: பிராங்கில் சிரித்தது யார், இழந்தது யார்? ஆனால் கேள்வி வந்த அடுத்த நிமிஷம் படம் திண்ணை ஏறி அவளுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. 'லக்' என்று 2009-ல் ஒரு இந்திப் படம், சஞ்சய் தத், இம்ரான் கான், ஸ்ருதி ஹாசன். அதிர்ஷ்டசாலிகளை வைத்துச் சாவுப் பந்தயம். 'ஸ்குவிட் கேம்' தன் படத்தின் காப்பி என்று அதன் இயக்குநர் சோஹம் ஷா 2024-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டபோதுதான் பலருக்கும் ஞாபகம் வந்தது. அதில் நையாண்டி எதுவும் இல்லை, கடந்து போகலாம்.

ஆக, நம்மூர் மரண ஆட்டத்தில் ஆட்டக்காரன் ஓடுகிறவன் இல்லை, விசாரிக்கப்படுகிறவன். அதனால் படம் முடிவதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் வந்தே ஆகணும்: தப்பு பண்ணினானா, இல்லையா? 'டேபிள் நம்பர் 21'-ல் பண்ணினான், சாகலாம். 'ஆடை'யில் பண்ணினாள், அவமானப்படலாம். 'அருவி'யில்?

இங்கேதான் எனக்கு இந்தப் படத்தோட சண்டை. அருவிக்கு எச்.ஐ.வி. எப்படி வந்தது என்பதைப் படம் ரொம்ப நேரம் மறைத்து வைக்கிறது. அப்பா நம்பவில்லை, வீடு நம்பவில்லை. நாமும் மனசுக்குள் ஏதோ ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பிறகு படம் சொல்கிறது, நீ நினைக்கிற மாதிரி இல்லை, ஒரு விபத்து, ஒரு இளநீர்க்காரரின் கைக்காயம், ரத்தம் கலந்துவிட்டது. அவள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. தியேட்டரில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மருத்துவ ரீதியாக அப்படித் தொற்றுவது நம்பும்படி இல்லை என்று பலர் அப்போதே சொன்னார்கள். என் பிரச்சினை அது இல்லை. அவ்வளவு நம்பமுடியாத ஒரு வழியைத் தேடிப் பிடித்தாவது அவளை நிரபராதி ஆக்க வேண்டிய அவசியம் படத்துக்கு ஏன் வந்தது? அவள் ஒருத்தனைக் காதலித்து அவன் மூலம் வந்திருந்தால்? காதல்கூட இல்லாமல் வந்திருந்தால்? அப்போதும் அந்த அரங்கில் இருந்தவர்கள் அவளைத் தேடிக்கொண்டு போயிருப்பார்களா? நாம் அழுதிருப்போமா?

ரெண்டு மணி நேரம் ஒரு பஞ்சாயத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட படம், அந்தப் பஞ்சாயத்தின் சட்டப் புத்தகத்தையே எடுத்து, அதே பிரிவின் கீழ் அவளை விடுதலை செய்கிறது. தீர்ப்பை மாற்றிச் சொல்ல வைத்துவிட்டது, உண்மைதான். திண்ணை அங்கேயேதான் இருக்கிறது.

அதுக்காக இது மோசமான படம் என்று சொல்லவில்லை, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இதே இடத்தில் 'ஸ்குவிட் கேம்' என்ன செய்தது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் தமிழ் டப்பிங்கிலேயே இருக்கிறது. சொங் கி-ஹுன் நல்லவன் இல்லை. சூதாடி. அம்மாவின் பணத்தைத் திருடுகிறவன். மகளின் பிறந்த நாளுக்கு உருப்படியாக ஒன்றும் செய்யத் துப்பில்லாதவன். எந்தப் பஞ்சாயத்திலும் ஐந்து நிமிஷத்தில் தோற்றுப்போவான். ஆனாலும் அவன் சாகக்கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது, அதற்கு அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்படவில்லை. கிங்கின் நாவலிலும் அப்படித்தான். அதில் ரிச்சர்ட்ஸ் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட வீரன் இல்லை, குழந்தையின் மருந்துக்குப் பணம் வேண்டி ஆட்டத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தவன். ஹாலிவுட்தான் அவனை நிரபராதி ஆக்கியது. கடனும் நோயும் போதும் என்று நினைத்தவை அந்த நாவலும் அந்தத் தொடரும். நமக்கு மட்டும் ஏன் அது போதமாட்டேங்குது? கந்துவட்டி, லோன் ஆப், ஆன்லைன் ரம்மி என்று இங்கே பட்டியலுக்குப் பஞ்சமா? ரம்மியில் பணம் தொலைத்துத் தற்கொலை செய்துகொண்டவர்கள் பற்றிய செய்திகள் வந்துகொண்டே இருந்ததால்தான் தமிழ்நாடு அரசு சட்டமே போட்டது. அந்தச் செய்திகளுக்குக் கீழே ஜனங்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? 'உழைச்சு சாப்பிடணும், பேராசைப்பட்டா இப்படித்தான்.' ஆள் செத்த பிறகும் விசாரணை.

அப்புறம் ஒரு விஷயம், இது படத்துக்கு வெளியே நடந்தது. 'அருவி'யில் பீட்டர் என்ற உதவி இயக்குநராக நடித்தவர் பிரதீப் ஆண்டனி. அருவியின் பக்கம் மனசு சாய்கிற பையன். அவரே 2023-ல் பிக் பாஸ் ஏழாவது சீசனுக்குள் போனார். நவம்பரில், அவரால் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று சக போட்டியாளர்கள் சிலர் புகார் சொல்ல, கமல் அவர்களிடம் கருத்துக் கேட்டு, ரெட் கார்டு கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அவர் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு கூட்டம், செய்தது சரிதான் என்று இன்னொரு கூட்டம், வாரக்கணக்கில் சண்டை. புகார் சரியா தப்பா என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுத உட்கார்ந்தால் நானும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்ததாக அர்த்தம். அந்த வாரம் என் போனுக்கு வந்த மெசேஜ்களில் ஒருத்தராவது, 'இதைத் தீர்மானிக்க வேண்டியது நாமா?' என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

நிஜச் சாவும் இந்த வட்டாரத்தில் உண்டு. அது கேமரா பார்க்காத பக்கத்தில் நடக்கிறது. பிக் பாஸ் வீடு இருந்தது செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில். 2018-ல் அந்த அரங்கில் ஏ.சி. வேலைக்கு வந்த மெக்கானிக் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். 2020 பிப்ரவரி 19 அன்று அதே ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். பெரிய நட்சத்திரங்கள் மயிரிழையில் தப்பினார்கள் என்பதுதான் மறுநாள் தலைப்பு. மரண ஆட்டத்தைக் கிண்டல் செய்கிற படங்கள் உலகம் முழுக்க ஆட்டக்காரன், தொகுப்பாளர், பார்வையாளர் என்று மூன்று பேரைத்தான் பார்க்கின்றன. அரங்கம் கட்டுகிறவன், மேலே ஏறி லைட் மாட்டுகிறவன் எந்தப் படத்திலும் சாவதில்லை. இந்த விஷயத்தில் 'அருவி'க்கு ஒரு படி மேலே இடம் கொடுக்கணும். லைட்மேனும் டீ கொடுக்கிறவரும் அதில் வெறும் கூட்டம் இல்லை, பாட்டில் அவர்கள் பக்கமும் நிற்கிறது.

ஆனால் அவ்வளவு பேரையும் வட்டத்தில் உட்கார வைத்த படம் ஒருத்தரை வெளியே விட்டுவிட்டது. அந்த இளநீர்க்காரர். அருவி நிரபராதி என்று நிரூபிக்க ஒரு காயம் தேவைப்பட்டது, அதைக் கொடுத்துவிட்டு அவர் காட்சியில் இருந்து போய்விடுகிறார். அவருக்கும் அதே நோய்தான். அவருக்கு அது தெரியுமா? மருந்து கிடைத்ததா? வீட்டில் யாராவது இருந்தார்களா, இருந்தவர்கள் சோறு போட்டார்களா? அவருக்கு எப்படி வந்தது என்று படம் கேட்கவே இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.